அடைக்கக் கூடாத ஓட்டைகள்

குளிர்நாடுகளில் பல வீடுகளின் பின்புறம், தோட்டத்தைப் பார்த்தபடி ஒரு கண்ணாடி அறை இருக்கும். வட அமெரிக்காவில் அதை சன்ரூம் என்பார்கள், இங்கிலாந்தில் கன்சர்வேட்டரி. மூன்று பக்கமும் கண்ணாடி. சில வீடுகளில் கூரையும் கண்ணாடிதான். டொரோண்டோவின் ஸ்கார்பரோ, அதை ஒட்டிய மார்க்கம் பகுதித் தமிழ் வீடுகளில் இந்த அறைக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு. வெளியே எல்லாம் உறைந்து கிடக்கும் மாதங்களில் கறிவேப்பிலைச் செடி, ஹீட்டர் உள்ள அறையானால், இங்கேதான் உயிர் பிழைக்கிறது.

வீட்டிலேயே சீக்கிரம் கெட்டுப்போகும் அறையும் இதுதான். வெயில் அடிக்கும் மார்ச் நாளொன்றில் விடியற்காலை உறைநிலையில் இருக்கும் ஹீட்டரில்லாத அறை, நண்பகலில் 30 டிகிரியைத் தாண்டிவிடும். இரவில் மறுபடி உறையும். கண்ணாடி, அலுமினியம், மரம், ரப்பர் ஒவ்வொன்றும் தன் கணக்குக்கு விரிந்து சுருங்கும். எங்கோ ஓரிடத்தில் ஈரம் தெரியும். உடனே வீட்டுக்காரர் கடைக்குப் போய் ஒரு சிலிகோன் குழாயும் அதைப் பிதுக்கும் துப்பாக்கியும் வாங்கிவருவார். ஈரம் தெரிந்த இடம், சந்தேகமான இடம், கைக்கு எட்டிய இடம் எல்லாவற்றிலும் பூசுவார். அடுத்த மழைக்கு ஈரம் இன்னும் அதிகமாகும்.

சன்ரூமில் கண்ணில் படும் ஓட்டைகளில் பல, தெரிந்தே வைக்கப்பட்டவை. அவற்றை அடைப்பதைப் பழுதுபார்ப்பு என்று நினைப்பதுதான் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் தாய்.

தண்ணீருக்குத் தெரிந்தே வழி வைப்பதை இந்த அறைகளின் மூதாதை 1851இலேயே செய்து காட்டிவிட்டது. லண்டன் ஹைட் பார்க்கில் உலகக் கண்காட்சிக்காக எழுந்த கிரிஸ்டல் பேலஸின் நீளம் 563 மீட்டர். அதில் ஏறத்தாழ 3 லட்சம் கண்ணாடித் தகடுகள். வடிவமைத்த ஜோசஃப் பாக்ஸ்டன் தொழிலால் தோட்டக்காரர். சாட்ஸ்வொர்த் மாளிகைத் தோட்டத்தில் அமேசானின் ராட்சத அல்லிக்குக் கண்ணாடி வீடு கட்டியவர். செடிகளோடு புழங்கியவர் என்பதால், கண்ணாடிக் கூரை வெளியே மழையில் நனையும், உள்ளே வியர்க்கும் என்பது அவருக்குப் பழகிய சங்கதி. அவர் அமைத்த மரக் கால்வாய் ஒவ்வொன்றிலும் மூன்று பள்ளங்கள். நடுவில் இருந்த பெரிய பள்ளம் மழைநீருக்கு. பக்கத்துக்கு ஒன்றாக இருந்த சிறியவை கண்ணாடியின் உட்புறம் வழியும் நீருக்கு. எல்லா நீரும் உள்ளீடற்ற இரும்புத் தூண்களுக்குள் இறங்கி வெளியேறியது. தண்ணீர் வரவே வராது என்று பாக்ஸ்டன் நம்பவில்லை; வந்தால் எந்த வழியாகப் போகும் என்று வரைந்து வைத்தார். இன்று விற்கும் அலுமினியச் சட்டத்திலும் அடிப்படையில் அந்த ஏற்பாடுதான் இருக்கிறது. வாங்கியவருக்குத்தான் அது தெரிவதில்லை.

மழையில்லாத ஒழுக்கு

ஜனவரிக் காலை. கூரைச் சட்டத்திலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுகிறது. பழுதுபார்க்க வந்தவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது:

"மழைக்குத்தானோ அண்ணை ஒழுகுது?"

"ஒரு கிழமையா மழையுமில்லை, ஸ்னோவுமில்லை தம்பி. குளிர்தான் கூட."

அந்தப் பதிலோடு ஏணியை மடித்து வைத்துவிடலாம். கூரை ஒழுகவில்லை. அறைக்குள் இருக்கும் காற்றுதான் நீராகிச் சொட்டுகிறது.

20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் நீராவியைத் தாங்கும். உறைநிலையில் அது 5 கிராமுக்கும் குறைவு. வெதுவெதுப்பான காற்று குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டதும், தாங்க முடியாத மிச்சத்தை அங்கேயே இறக்கிவைக்கிறது. எந்த வெப்பநிலையில் இது தொடங்குமோ அதுதான் அந்தக் காற்றின் பனிப்புள்ளி. அறை 21 டிகிரியும் ஈரப்பதம் 50 விழுக்காடும் என்றால் பனிப்புள்ளி ஏறத்தாழ 10 டிகிரி. வெளியே மைனஸ் 10 என்று வைத்துக்கொள்வோம். ஒற்றைக் கண்ணாடியின் உட்பக்கம் மைனஸ் 2 அளவில் இருக்கும். அதில் நீர் படிவதோடு நிற்காது, உறையும். சாதாரண இரட்டைக் கண்ணாடியின் உட்பக்கம் 10 டிகிரியை ஒட்டி, விளிம்பில் நிற்கும். ஆர்கான் வாயு நிரப்பி, வெப்பக் கதிரைத் திருப்பியனுப்பும் மெல்லிய உலோகப் பூச்சும் கொண்ட கண்ணாடியில் அது 16 டிகிரி, உலர்ந்தே இருக்கும். கண்ணாடி உலர்ந்திருந்தாலும் அலுமினியச் சட்டம் நனையலாம். அலுமினியம் வெப்பத்தை வாரிக் கொடுக்கும் உலோகம். சட்டத்தின் உள்பாதிக்கும் வெளிப்பாதிக்கும் நடுவே பிளாஸ்டிக் தடுப்பு இல்லாத பழைய அறைகளில், முதலில் வியர்ப்பது சட்டம்தான்.

4 மீட்டருக்கு 3 மீட்டர், உயரம் இரண்டரை மீட்டர் உள்ள ஓர் அறையில் 30 கன மீட்டர் காற்று இருக்கிறது. 20 டிகிரியில் அவ்வளவு காற்றும் சேர்ந்து தாங்கக்கூடியது அரை லிட்டர் நீர்தான். இப்போது அந்த அறைக்குள் ஒரு மெஷின் துணியைக் கொடியில் காயப்போடுங்கள். அதிலிருந்து ஏறத்தாழ 2 லிட்டர் நீர் வெளியேறும். கறிவேப்பிலைக்கும் துளசிக்கும் ஊற்றும் தண்ணீரில் பெரும்பகுதியும் இலை வழியாகக் காற்றுக்குத்தான் வருகிறது. அது கண்ணாடியில் படியாமல் வேறெங்கே போகும்?

இதற்குச் சட்டத்தின் உள்புறம் சிலிகோன் பூசுகிறவர்கள், பாக்ஸ்டனின் சிறு பள்ளங்களுக்குச் சமமான உள் வடிகாலை மூடிவிடுகிறார்கள். நீர் மரத்துக்குள் திரும்புகிறது. மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை அதைத் தின்னாது. 30 விழுக்காட்டை ஒட்டினால் தின்னத் தொடங்கும். வெளியே சிலிகோனும் வண்ணமும் பளபளக்க, உள்ளே கட்டைவிரலால் அழுத்தினால் குழிகிற ஜன்னல் அடிக்கட்டையை இப்படித்தான் உண்டாக்குகிறோம். வேண்டியது துணியை வேறிடத்தில் காயப்போடுவது, வெளியேற்றும் விசிறி ஒன்று, கடுங்குளிரில் ஈரப்பதத்தை 30 விழுக்காட்டுக்கு இறக்குவது, உள் வடிகாலைப் பழைய பல் தேய்க்கும் பிரஷால் சுத்தம் செய்வது. ஒற்றைக் கண்ணாடி அறையில் இவ்வளவு செய்தாலும் கொஞ்சம் வியர்க்கத்தான் செய்யும்.

இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே, துடைக்க முடியாத இடத்தில் மங்கல் படர்ந்தால் அது வேறு நோய். இரட்டைக் கண்ணாடியின் ஓரத்தைச் சுற்றி இரண்டு அடுக்குப் பசையும், நடுவில் ஒரு இடைச்சட்டமும் உண்டு. இடைச்சட்டத்துக்குள் சியோலைட் மணிகள் இருக்கின்றன. அவற்றின் துளைகள் 3 ஆங்ஸ்ட்ராம் அகலம்; நீர் மூலக்கூறு நுழையும், நைட்ரஜனும் ஆர்கானும் நுழையா. தப்பி வரும் ஈரத்தை அந்த மணிகள் ஆண்டுக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருக்கும். 20 டிகிரியில் இருந்த வாயு மைனஸ் 20க்கு இறங்கினால் 14 விழுக்காடு சுருங்கப் பார்க்கும். வெயிலில் மறுபடி விரியும். இந்த இழுபறியில் ஓரப் பசை என்றாவது ஒரு நாள் விட்டுக்கொடுக்கும், மணிகளும் நிரம்பிவிடும். பிறகு மங்கல்தான். கண்ணாடியில் துளையிட்டு மங்கலைப் போக்கித் தருவதாகச் சிலர் சொல்வார்கள். பார்வை தெளியலாம், போன ஆர்கானும் வெப்பக் காப்பும் திரும்பாது. சட்டம் நன்றாக இருந்தால் அந்தக் கண்ணாடித் தொகுதியை மட்டும் மாற்றலாம். அறையையே மாற்ற வேண்டும் என்பவரிடம் இன்னொரு விலை கேளுங்கள்.

மேலே ஏறும் தண்ணீர்

உண்மையான மழை ஒழுக்குக்கு வருவோம். தண்ணீர் கீழ்நோக்கித்தான் ஓடும் என்று நாம் நம்புவதால் ஒழுக்கின் வாயைத் தவறான இடத்தில் தேடுகிறோம். இரண்டு விசைகள் அதை மேலே ஏற்றும்.

முதலாவது பரப்பு இழுவிசை. அரை மில்லிமீட்டர் இடைவெளி உள்ள இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே நீர் தானாகவே 3 சென்டிமீட்டர் உயரம் ஏறும். இடைவெளி 1 மில்லிமீட்டரானால் அதில் பாதி. இறுக்கமான இடுக்குதான் அகலமான இடுக்கைவிட ஆபத்து. "நல்லா நெருக்கி அடிச்சுட்டேன், இனி வராது" என்று தச்சர் சொல்லும் இடத்தில்தான் வரும். நல்ல சட்டங்களில் இதைத் தடுக்க விளிம்புக்கு அடியில் ஒரு சிறு பள்ளக்கோடு இருக்கும். ஊர்ந்து வரும் நீர் அந்த அகலத்தைத் தாண்ட முடியாமல் சொட்டி விழும். வண்ணம் பூசும்போது அந்தக் கோட்டை நிரப்பிவிடுகிறவர்கள் உண்டு.

இரண்டாவது காற்று. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகக் காற்று கண்ணாடியில் மோதும்போது ஏறத்தாழ 240 பாஸ்கல் அழுத்தம் தருகிறது. 24 மில்லிமீட்டர் உயர நீரைத் தூக்கிப் பிடிக்க அது போதும். அதனால்தான் நழுவு ஜன்னலின் அடித்தடத்தில் உள்பக்க விளிம்பு வெளிப்பக்கத்தைவிட உயரமாக இருக்கிறது. புயல் மழையில் அந்தத் தடத்தில் தண்ணீர் நின்று குமிழியிடுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். காற்று தள்ளும் வரை நீர் நிற்கும். காற்று ஓய்ந்ததும் சட்டத்தின் வெளிமுகத்தில், அடியில், விரல்நுனி அகலத்தில் இருக்கும் சிறு பிளவுகள் வழியாக வடிந்துவிடும்.

வீட்டுக்காரர் குனிந்து பார்த்து, "இதோ ஓட்டை!" என்று சிலிகோனால் அடைப்பது அந்தப் பிளவுகளைத்தான். அடுத்த மழைக்குத் தடம் தொட்டியாகிறது. நீர் உள் விளிம்பைத் தாண்டித் தரைக்கு இறங்குகிறது. அவர் இன்னும் கொஞ்சம் சிலிகோன் வாங்கப் போகிறார்.

அந்தப் பிளவுகள், அதாவது வடிதுளைகள், சரியாக இருக்கின்றனவா என்று அறிய ஒரு டம்ளர் தண்ணீர் போதும். தடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். ஒரு நிமிடத்துக்குள் வெளியே சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் பெரும்பாலும் தூசியோ எறும்புப் புற்றோ நாய்முடியோ அடைத்திருக்கும். மெல்லிய கம்பியால் குத்தி எடுங்கள். யாராவது ஏற்கெனவே சிலிகோன் வைத்திருந்தால் கத்தியால் வெட்டி எடுங்கள்.

இதே விபத்து வீட்டுச் சுவரிலும் நடக்கிறது. கனடாவில் வெளியே தெரியும் செங்கல் பெரும்பாலும் ஒரு போர்வைதான். அதற்குப் பின்னால் காற்றிடைவெளி, அதற்கும் பின்னால் மரச்சுவர். செங்கல் வழியாக ஊறிவரும் மழைநீர் அந்த இடைவெளியில் இறங்கி, அடியில் இருக்கும் உலோகத் தகட்டில் விழுந்து வெளியே வர வேண்டும். அதற்காகச் சில செங்கற்களுக்கு நடுவே சாந்து வைக்காமல் செங்குத்தான இடைவெளி விட்டிருப்பார்கள். சன்ரூம் கூரை சுவரைத் தொடும் இடத்துக்கு மேலே அப்படியொரு வரிசை இருந்தால், தொடாதீர்கள். கொத்தனார் மறந்துவிட்டார் என்று சிமென்ட் பூசினால், சுவருக்குள் இறங்கும் நீர் எல்லாம் சன்ரூமுக்குள் வரும்.

கூரையும் சுவரும் சேரும் அந்த இடம்தான், என் கணிப்பில், சன்ரூம் ஒழுக்குகளுக்கு முதல் சந்தேக நபர். மழைநீரை வெளியே திருப்பிவிடும் மடித்த ஃபிளாஷிங் தகடு அங்கே சுவருக்குள் செருகப்பட்டிருக்க வேண்டும். மேல் தகடு கீழ்த் தகட்டின்மேல் படிய வேண்டும். செருகாமல் சுவர்மேல் ஒட்டவைத்து, மேல் விளிம்பில் சிலிகோன் கோடு இழுத்திருந்தால் அந்தக் கோட்டின் ஆயுள்தான் கூரையின் ஆயுள்.

ஒழுக்கின் வாயைக் கண்டுபிடிக்கத் தோட்டத்துக் குழாய் போதும், அவசரம்தான் கூடாது. காய்ந்த நாளில், உள்ளே ஒருவர் டார்ச்சோடு நிற்க, வெளியே ஒருவர் கீழிருந்து தொடங்க வேண்டும். முதலில் அடிச்சட்டம், பத்து நிமிடம், பிறகு ஜன்னல் பக்கங்கள், பிறகு மேல்சட்டம், கூரை, கடைசியில் சுவர்ச் சந்திப்பு. மேலிருந்து தொடங்கினால் எல்லாம் நனைந்து எதுவும் தெரியாமல் போகும். மெல்லிய ஓட்டம் போதும். பிரஷர் வாஷரைப் பிடித்தால் நல்ல ரப்பர் பட்டையையும் தாண்டி நீர் புகுந்துவிடும். இல்லாத நோயைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

எங்கே பூசுவது, எப்படிப் பூசுவது

சிலிகோனே கூடாது என்றில்லை. அது அருமையான பொருள். இடமும் முறையும் தவறும்போதுதான் தொல்லை. ஒரு கணக்குப் போட்டால் அதன் பாடு புரியும். 3 மீட்டர் நீள அலுமினியச் சட்டம், மைனஸ் 20இலிருந்து வெயிலில் 60 டிகிரிக்கு ஏறினால் ஐந்தரை மில்லிமீட்டர் நீளும். அதே நீளக் கண்ணாடி 2 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். பாலிகார்பனேட் தகடு என்றால் 15 மில்லிமீட்டரைத் தாண்டும். இந்த வித்தியாசத்தை ஒரு மெல்லிய பசைக் கோடு ஆண்டுதோறும் தாங்க வேண்டும். பொதுவான சிலிகோன் தன் அகலத்தில் 25 விழுக்காடு இழுபடும் என்றால், 10 மில்லிமீட்டர் இணைப்பு தாங்குவது இரண்டரை மில்லிமீட்டர். 2 மில்லிமீட்டர் கோடு அரை மில்லிமீட்டர்தான் தாங்கும். விரலால் தேய்த்துவிட்ட மெல்லிய படலம் முதல் குளிருக்கே பிளந்துவிடும்.

ஆகவே இணைப்பு போதிய அகலமாக இருக்க வேண்டும். ஆழம் அகலத்தில் பாதி. மிச்ச ஆழத்தை நிரப்ப நுரைக் கயிறு கிடைக்கிறது. அதை முதலில் திணித்து அதன்மேல் சிலிகோன் விட வேண்டும். கயிறு ஆழத்தை நிரப்புவதோடு இன்னொரு வேலையும் செய்கிறது. இரண்டு பக்கச் சுவர்களோடு மட்டும் ஒட்டிய சிலிகோன், நடுவில் தாராளமாக இழுபடும். அடியிலும் ஒட்டிக்கொண்டால் மூன்று பக்கமும் பிடிபட்டு, இழுபட வழியின்றிக் கிழிகிறது. சிலிகோன் அந்தக் கயிற்றோடு ஒட்டாது என்பதே கயிற்றின் பெருமை.

பழைய சிலிகோன்மேல் புதிய சிலிகோன் சரியாக ஒட்டாது. வண்ணமும் ஒட்டாது. பழையதை முழுக்கச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்த பிறகே புதியது. குழாயைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அது அசெட்டிக் அமிலத்தை வெளியேற்றிக்கொண்டு இறுகும் வகை. குளியலறை ஓட்டுக்குச் சரி. துத்தநாகம் பூசிய தகட்டையும், பாலிகார்பனேட்டையும், இரட்டைக் கண்ணாடியின் ஓரப் பசையையும் அது கெடுக்கும். இங்கே வாங்க வேண்டியது 'நியூட்ரல்' என்று எழுதியிருக்கும் வகை. கொளுத்தும் வெயிலில் பூசாதீர்கள். சட்டங்கள் விரிந்து இணைப்பு ஒடுங்கியிருக்கும் நேரம் அது. குளிர் முழுவதும் பசை ஒரே திசையில் இழுபடும். வசந்தமோ இலையுதிர் காலமோ நல்லது.

வெப்பத்துக்கும் ஒரு வாசல்

நேர் வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட் கொண்டுவருகிறது. 10 சதுர மீட்டர் இரட்டைக் கண்ணாடியில் வெயில் நேராக விழுந்தால் 7 கிலோவாட் அளவுக்கு உள்ளே வரும். அது ஏன் வெளியே போகவில்லை? கண்ணாடி வெயிலை உள்ளே விட்டு அகச்சிவப்புக் கதிரை வெளியே விடாததால் என்று பள்ளியில் படித்திருப்போம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக இயற்பியலர் ஆர். டபிள்யூ. வுட் 1909இல் இதைச் சோதித்தார். இரண்டு கறுப்பு அட்டைப் பெட்டிகள். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி, இன்னொன்றுக்கு அகச்சிவப்பைத் தாராளமாக விடும் பாறை உப்புத் தகடு. இரண்டுக்கும் ஒரே மாதிரி, கண்ணாடி வழியாக வடிகட்டிய வெயிலைக் காட்டினார். இரண்டும் 55 டிகிரியை எட்டின. வித்தியாசம் ஒரு டிகிரிகூட இல்லை என்னும் அளவு. கண்ணாடி அறையைச் சூடாக்குவது முக்கியமாகச் சூடான காற்று மேலேறி வெளியேற முடியாமல் அடைபடுவதுதான். (வளிமண்டலத்தின் பசுமை இல்ல விளைவு வேறு விஷயம்; அங்கே அகச்சிவப்புதான் கதாநாயகன். பெயர் ஒன்றாகிப் போனது நம் துரதிர்ஷ்டம்.)

இதன் பொருள், கூரை உச்சியில் இருக்கும் காற்றுப் போக்கிதான் இந்த அறையின் குளிர்சாதனம். குளிர்காலத்தில் காற்று வருகிறதென்று அதை டேப் ஒட்டி அடைத்து, ஜூனில் மறந்துபோய், ஜூலையில் ஏ.சி. விலை கேட்கிறவர்கள் பலர். உச்சியில் ஒரு திறப்பும் தரையருகே ஒரு ஜன்னலும் திறந்தால் வெப்பச்சலனம் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

ஏ.சி.க்குப் பதில் வெயில் தடுக்கும் கறுப்புப் படலம் வாங்கி உள்ளே ஒட்டுவது இன்னொரு வழக்கம். படலம் உறிஞ்சிய வெப்பம் கண்ணாடியின் நடுவைச் சூடாக்கும். ஓரம் சட்டத்துக்குள் நிழலில் குளிர்ந்திருக்கும். சாதாரணக் கண்ணாடி ஏறத்தாழ 40 டிகிரி வித்தியாசத்தைத்தான் தாங்கும். கடினமாக்கிய கண்ணாடி 200 டிகிரி வரை தாங்கும். வெடித்த கண்ணாடியைக் கூர்ந்து பாருங்கள். விரிசல் ஓரத்திலிருந்து, ஓரத்துக்குச் செங்குத்தாகப் புறப்பட்டு, பிறகு வளைந்து போயிருந்தால் பக்கத்து வீட்டுப் பையனின் பந்தைக் குறை சொல்ல வேண்டாம், அது வெப்பத்தின் வேலை. படலம் ஒட்டுவதற்கு முன் கண்ணாடியின் மூலையில் பொறித்த முத்திரையைப் பார்த்து, அது என்ன வகை, படலம் ஒட்டினால் உத்தரவாதம் நிற்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கடினமாக்கிய கண்ணாடியை வெட்டவோ துளையிடவோ முடியாது என்பதையும் திரைச்சீலை மாட்டும் உற்சாகத்தில் மறக்க வேண்டாம். முயன்றால் முழுத் தகடும் பொடிப்பொடியாகும். தலைக்கு மேலே மாற்றும் கண்ணாடி, நடுவில் பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டியதாக இருக்கட்டும். உடைந்தாலும் அது கீழே கொட்டாது.

இங்கிலாந்தின் பழைய கன்சர்வேட்டரிகளில் கூரை பெரும்பாலும் இரட்டைச் சுவர் பாலிகார்பனேட். உள்ளே நீளவாட்டில் குழல்கள் ஓடும். மேல் முனைக்குக் காற்றுப் புகாத டேப், கீழ் முனைக்குத் தூசியைத் தடுத்து ஈரத்தை விடும் துளையுள்ள டேப். இரண்டையும் சிலிகோனால் அடைத்தால் குழல்களுக்குள் பச்சைப் பாசி வளரும். டொரோண்டோ முதல் லண்டன் வரை ஒரே கதைதான்.

தரையும் பனியும்

பிப்ரவரியில் சன்ரூம் கதவு இறுகி, சுவரை ஒட்டிய விரிசல் அகலமாகி, மே மாதம் இரண்டும் தாமாகச் சரியாகிவிட்டால் அறை ஏறி இறங்குகிறது என்று பொருள். தண்ணீர் உறையும்போது 9 விழுக்காடு விரிவதால் மண் உயர்கிறது என்றுதான் முன்பு நினைத்தார்கள். அமெரிக்க நிலவியலர் ஸ்டீபன் டேபர் 1929, 1930 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில், உறையும்போது சுருங்கும் பென்சீனை மண்ணில் ஊற்றி உறையவைத்தார். மண் அப்போதும் உயர்ந்தது. உறையும் எல்லைக்குக் கீழிருந்து திரவம் தொடர்ந்து மேலே இழுக்கப்பட்டு, அடுக்கடுக்காகக் கட்டியாக வளர்வதே உண்மைக் காரணம். வண்டல் மண்ணில் இது கட்டடத்தையே தூக்கும். டொரோண்டோ பகுதியில் அடித்தளத்தை 1.2 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோவது இதனால்தான். வீட்டின் அடித்தளம் அங்கே இருக்கிறது. பழைய மரத்தளத்தின் மேல் பின்னால் எழுப்பிய பல சன்ரூம்களுக்கு அது இல்லை.

குளிரில் அகன்ற விரிசலில் சிமென்ட் திணித்தால் வசந்தத்தில் அறை இறங்க இடமிருக்காது. ஏதாவது வளையும், கண்ணாடி உடையும். இறுகிய கதவைச் சீவினால் கோடையில் விரலளவு சந்து. விரிசலை ஒரு பக்கம் மட்டும் ஆணியடித்த தகட்டால் மூடி, அசைய விடுங்கள். மழைநீர்க் குழாய் அஸ்திவாரத்தருகே கொட்டினால் தள்ளிவிடுங்கள். உறைவதற்கு மண்ணில் நீர் குறைந்தால் உயர்வதும் குறையும்.

கூரைப் பனியின் கணக்கு எளியது. நனைந்து இறுகிய பனி ஒரு கன மீட்டருக்கு 300 கிலோ இருக்கலாம். 30 சென்டிமீட்டர் தடிமன், 12 சதுர மீட்டர் கூரை என்றால் 1 டன்னுக்கு மேல். வீட்டின் மேல்கூரையிலிருந்து சரிந்து விழுவது இதோடு சேராது. ஆகவே பழுது பார்க்கிறேன் என்று கண்ணாடிக் கூரையை எடுத்துவிட்டு ஓடும் பலகையும் போடுவது, அல்லது மெல்லிய சட்டத்தில் கனமான மூன்றடுக்குக் கண்ணாடி ஏற்றுவது, பொறியாளர் பார்க்காமல் செய்யக் கூடாத வேலை. கூரைமேல் நீங்களும் ஏறாதீர்கள். பனியைத் தரையில் நின்று நீளக்கோல் வைத்து இழுங்கள்.

கடைசியாகப் பலரும் கேட்கும் கேள்வி: ஒற்றைக் கண்ணாடி, தடுப்பில்லாத அலுமினியச் சட்டம், ஆழமில்லாத அடித்தளம் கொண்ட மூன்று பருவ அறையைப் பழுதுபார்த்துக் குளிர்காலத்திலும் குடியிருக்கலாமா? முடியாது. எவ்வளவு பசையும் ஹீட்டரும் செலவழித்தாலும் அதன் சட்டம் வியர்க்கும், மின்கட்டணம் ஏறும், மரம் உளுக்கும். வடிதுளைகளைச் சுத்தம் செய்து, ஃபிளாஷிங்கைச் சரிபார்த்து, ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை சந்தோஷமாக உட்காருங்கள். நவம்பரில் கறிவேப்பிலையை வீட்டுக்குள் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடுங்கள். ஆண்டு முழுவதும் வேண்டுமென்றால் அடித்தளத்திலிருந்து புதிதாகக் கட்ட வேண்டும். அந்த வேலை நகராட்சியின் கட்டட அனுமதிப் பிரிவில் தொடங்குகிறது.